எரிமலைகளும் அவை ஆக்கும் நிலவடிவங்களும்

நாம் வாழும் மலேசியாவில் இன்று குமுறும் எரிமலை எதுவும் இல்லை. ஆயினும், பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில் மண்ணைத் தோண்டினால் எரிமலைச் சாம்பல் கிடைக்கின்றது. அது எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காணுமுன், எரிமலைகள் தோன்றும் முறையை அறிந்துகொள்வோம்.

நிலத்தின் ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகின்றது. அக்குழம்பு சுற்றியுள்ள பாறையினும் இலேசானது. ஆதலால் மேல்நோக்கி எழுகின்றது. அதனுள் அடங்கிய வாயுக்கள் விரிந்து, அதனை வெளியே தள்ளுகின்றன. வெளிவரும் குழம்பின் தன்மைக்கேற்ப மலையின் வடிவம் அமைகின்றது.

1. கேடய எரிமலை: இளகிய குழம்பு நெடுந்தொலைவு ஓடிப் பரவும். அது படலம் படலமாக உறைவதால், தரையில் கிடத்திய கேடயம் போன்று அகன்று சரிந்த மலை உருவாகும். ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா இவ்வகையைச் சார்ந்தது. அதன் உயரம் 4,169 மீட்டர்.

2. தழற்கூம்பு: வாயுவால் வீசியெறியப்படும் கற்றுண்டுகள் வாயைச் சுற்றிக் குவிந்து கூம்பாகும். 1943-ஆம் ஆண்டு பெப்ரவரி 20-ஆம் நாள், மெக்சிகோவில் ஒரு மக்காச்சோளக் கொல்லையில் நிலம் பிளந்தது. அங்குப் பிறந்த பரிக்குட்டின் எரிமலை ஓராண்டிற்குள் 300 மீட்டருக்கு மேல் வளர்ந்தது; 1952-இல் அடங்கியது.

3. அடுக்கு எரிமலை: சாம்பலும் குழம்பும் மாறிமாறிப் படிவதால் உண்டாகும் செங்குத்தான மலை இது. குழம்பு கெட்டியாக இருப்பதால் வாயு எளிதில் வெளியேறாது. அடைபட்டுப் பெருஞ்சீற்றத்துடன் வெடிக்கும். ஜப்பானின் பூஜி, ஜாவாவின் மெராப்பி ஆகியவை இதற்குச் சான்றுகள்.

பெருவெடிப்பில் அடியிலுள்ள குழம்பறை வெறுமையானால், மேற்கூரை இடிந்து பெருங்குழி தோன்றும். சுமத்திராவின் தோபா ஏரி அத்தகைய குழியே. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கு நிகழ்ந்த வெடிப்பின் சாம்பலே மலாக்கா நீரிணையைக் கடந்து லெங்கோங்கில் படிந்தது. நாம் கேட்ட வினாவுக்கு விடை இதுவே.

எரிமலை அழிப்பதோடு ஆக்கவும் செய்கின்றது. எரிமலைப் பாறை காலப்போக்கில் சிதைந்து மண்ணாகின்றது. குவாந்தான் வட்டாரத்தில் காணும் செம்மண், பண்டைநாளில் அங்கு வழிந்தோடிய குழம்பு உறைந்து, பாறையாகிச் சிதைந்ததால் உண்டானதே.

1883-இல் கிரக்காத்தோவா வெடித்தபோது, பெரும்பாலும் அப்போது எழுந்த கடலலைகளால், 36,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்விடத்தில் 1927-இல் புதியதோர் எரிமலை கடலிலிருந்து தலைகாட்டியது. 2018 டிசம்பரில் அதன் ஒரு பக்கம் சரிந்து எழுந்த அலை 400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஆனால், 1991-இல் பிலிப்பீன்சில் பினதுபோ வெடிக்குமுன், அறிஞர்கள் நிலநடுக்கங்களையும் வாயுக்களையும் அளந்து எச்சரித்தனர். மக்கள் அச்சொல் கேட்டு அகன்றதால் ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின.

எரிமலையைத் தடுக்க நம்மால் இயலாது. அதன் குறிகளை அறிந்து விலகிக்கொள்ள இயலும். கல்வி உயிர் காக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?