ஒரே லேப்டாப்பில் வீடும் வேலையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

செஞ்சியை அடுத்த தொண்டூர் போன்ற ஊர்களில் ஒரு வீட்டில் லேப்டாப் இருந்தால் அது ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. பகலில் பக்கத்துத் தெருக்காரர்களுக்குப் பட்டா மாறுதல், வருமானச் சான்று, கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அதில்தான் போடப்படும். சாயங்காலம் பிள்ளைகள் யூடியூப் பார்ப்பார்கள். சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் மகளோ மருமகனோ இருந்தால் இரவு அவர்கள் முறை. இதில் தவறு எதுவும் இல்லை. வேலையையும் வீட்டையும் பிரித்து வைத்திருப்பதாக நம்பிக்கொண்டு பிரிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

நம்பிக்கை: “டி டிரைவுல தனி ஃபோல்டர் போட்டு வச்சிருக்கேன், அது போதும்.”

போதாது. அதிகம் பேர் நம்புவது இதைத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலான லேப்டாப்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்கின் இரண்டு பாகங்கள். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. விண்டோஸில் ஆளுக்கொரு யூசர் அக்கவுண்ட் வைத்தால், ஒருவருடைய டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களை மற்றொரு சாதாரண அக்கவுண்டிலிருந்து திறக்க முடியாது. டி டிரைவுக்கு அந்தக் காவல் இல்லை. அங்கே போடும் ஃபைலை அந்த மெஷினில் அக்கவுண்ட் உள்ள எவரும் திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். யாராவது உட்கார்ந்து அனுமதியை மாற்றி வைத்தால்தான் உண்டு. பத்திரம் என்று நினைத்து டி டிரைவுக்கு மாற்றுபவர், பூட்டிய அறையிலிருந்து எடுத்துத் திண்ணையில் வைக்கிறார்.

ஆகவே பிரிக்க வேண்டியது அக்கவுண்டை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று உண்டாக்குங்கள். இரண்டுமே ‘ஸ்டாண்டர்டு’ வகையாக இருக்கட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்டுக்கு எல்லா ஃபோல்டரும் திறக்கும். அதன் பாஸ்வேர்டு வீட்டில் பொறுப்பானவர் ஒருவரிடம் மட்டும் இருந்து, சாஃப்ட்வேர் ஏற்றும்போது மட்டும் பயன்பட்டால் போதும். எழுந்து போகும்போது விண்டோஸ் கீயோடு எல் அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். இதற்குக் காசு செலவில்லை. இன்னொரு லேப்டாப் வாங்கினால்தான் பிரிக்க முடியும் என்பது கடைக்காரருக்கு லாபம் தரும் நம்பிக்கை.

நம்பிக்கை: “ரெண்டு ஓஎஸ் இருக்கு. விண்டோஸ் வேலைக்கு, லினக்ஸ் வீட்டுக்கு.”

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கிராமத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு உலகம் பார்த்தது அதில்தான். நல்ல திட்டம் அது. ஆனால் ஒரே டிஸ்கில் இருக்கும் விண்டோஸ் ஃபைல்களை லினக்ஸிலிருந்து திறந்து படிக்கலாம். விண்டோஸ் பாஸ்வேர்டை அது கேட்பதில்லை. பென்டிரைவில் லினக்ஸ் போட்டு பூட் செய்தாலும் இதே கதை. யூசர் அக்கவுண்ட் கொடுக்கும் காவலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. இதைத் தடுப்பது டிஸ்கையே பூட்டும் என்கிரிப்ஷன். விண்டோஸ் புரோவில் அதன் பெயர் பிட்லாக்கர். ஹோம் பதிப்பிலும் பல லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் உண்டு. அது தரும் ரெகவரி கீயைத் தாளில் எழுதி, நிலப் பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள். அது தொலைந்தால் உங்கள் ஃபைல் உங்களுக்கே திறக்காமல் போகலாம்.

நம்பிக்கை: “இன்காக்னிட்டோவுல பண்ணா ஒண்ணும் தங்காது.”

பிரவுசிங் ஹிஸ்டரி தங்காது. டவுன்லோடு செய்த ஃபைல் தங்கும். போன வெப்சைட்டுக்கும் இன்டர்நெட் கொடுப்பவருக்கும் தெரியும். இதைச் சரியாகச் சொல்லவில்லை என்று அமெரிக்காவில் 2020-இல் கூகுள் மீது வழக்கே போடப்பட்டது. 2024-இல் சமரசமானபோது, திரட்டிய தரவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது. குரோமில் தனித்தனி புரொஃபைல் வைப்பது நல்ல பழக்கம், புக்மார்க்கும் பாஸ்வேர்டும் கலக்காது. ஆனால் அதே விண்டோஸ் அக்கவுண்டில் உட்காருகிறவர் ஒரு கிளிக்கில் அடுத்த புரொஃபைலுக்குப் போய்விடலாம்.

நம்பிக்கை: “வீட்ல படம் பாக்குற சாஃப்ட்வேருக்கும் ஆபீஸ் வேலைக்கும் என்ன சம்பந்தம்?”

பாஸ்வேர்டுகளைப் பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்ட லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கு 2022-இல் நேர்ந்தது இதற்குப் பதில். அதன் மூத்த எஞ்சினியர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் மீடியா சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. அதிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தவர்கள், தட்டும் எழுத்தையெல்லாம் பதிவுசெய்யும் கீலாகரை வைத்தார்கள். அவர் மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்டியபோது அதுவும் அவர்கள் கைக்குப் போனது. கடைசியில் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு பெட்டகங்களின் பேக்கப்பே திருடு போயிற்று.

எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. 2023-இல் ஒக்டா நிறுவன ஊழியர் ஒருவர் கம்பெனி லேப்டாப்பின் குரோமில் தன் சொந்தக் கூகுள் கணக்கைத் திறந்து வைத்திருந்தார். கம்பெனி பாஸ்வேர்டு ஒன்று அந்தச் சொந்தக் கணக்கில் போய்ச் சேமிப்பாகியிருந்தது. பிறகு ஒக்டாவின் வாடிக்கையாளர் ஃபைல்கள் திருடு போயின. திருட்டு நடந்த வழி அதுவாகத்தான் இருக்கும் என்று நிறுவனமே அறிவித்தது. அந்த ஃபைல்கள் 134 வாடிக்கையாளர்களுடையவை. கம்பெனி கொடுத்த மெஷினில் சொந்த மெயிலும் குடும்பப் படங்களும் வேண்டவே வேண்டாம். வேலையை விட்டு விலகும் நாளில் அதைத் திருப்பிக் கொடுக்கத்தானே போகிறீர்கள்.

நம்பிக்கை: “இது என் வீட்டு லேப்டாப், சட்டத்துக்கு இங்க என்ன வேலை?”

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு அளிக்கிறது. உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்கள் அந்த விலக்கில் வரும். காசு வாங்கிக்கொண்டு ஊரார்க்கு விண்ணப்பம் போட்டுத் தரும் லேப்டாப்பை வீட்டு உபயோகம் என்று சொல்ல முடியாது. அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அந்தத் தொகை பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்தது. ஆனால் நம்பி வந்தவரின் ஆவணத்தைக் காக்கும் கடமை சிறியவருக்கும் உண்டு.

அப்படிப்பட்ட லேப்டாப்பில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். ஊர்க்காரர்களின் இ-ஆதார் பிடிஎஃப்கள் வரிசையாகக் கிடக்கும், நடுவே பையனின் கேம், போன வருஷத்துக் காதுகுத்துப் படம். இ-ஆதாரின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும். ஒரே ஊரில் வாழ்கிறவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரரின் பெயரும் வயதும் தெரியாதா? அந்தப் பூட்டு ஊருக்குள் பூட்டே இல்லை.

ஓய்வூதியத்துக்கோ நிலத்துக்கோ உங்களை நம்பி ஆதாரை நீட்டிய அந்தப் பாட்டிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. உங்களைத் தெரியும், அவ்வளவுதான். வேலை முடிந்ததும் அவருடைய ஃபைலை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து நீக்கிவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, வேலைக்கென்று ஓர் அக்கவுண்டைத் தனியே உண்டாக்குங்கள்.