கமத்தொழில் முயற்சியில் வெற்றி பெறுவோரின் மனப்பண்புகள்

கமத்தொழில் ஒரு சீவனோபாயம் மாத்திரமன்று. அது ஒரு முயற்சித் தொழிலுமாகும். முதலையும் உழைப்பையும் நிலத்திலிட்டு, மழையையும் சந்தையையும் எதிர்நோக்கி நிற்கும் கமக்காரர், கடை நடாத்தும் வர்த்தகரைப் போலவே ஒரு முயற்சியாளராவர். ஒரே வாய்க்காலில் நீர் பெற்று, ஒரே வகை மண்ணில், ஒரே வித்தைப் பயிரிடும் அயலவர் இருவருள் ஒருவர் படிப்படியாக முன்னேறுவதையும், மற்றவர் போகத்துக்குப் போகம் கடனில் ஆழ்வதையும் நாம் காண்கின்றோம். நோயும் வெள்ளமும் சிலவேளை இதற்குக் காரணமாகலாம். ஆயினும் பல இடங்களில், தீர்மானஞ் செய்யும் முறையே இவ்வேறுபாட்டை உண்டாக்குகின்றது. வெற்றி பெறும் முயற்சியாளரிடத்துக் காணப்படும் மனப்பண்புகள் சிலவற்றை இங்கு விளக்குவோம்.

1. அளந்து துணிதல்

துணிவுள்ளவனே செல்வனாவான் எனப் பலர் எண்ணுவர். இது பாதி உண்மையே. மக்கிளெலன்ட் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வளையமெறியும் விளையாட்டொன்றைப் பற்றிக் கூறியுள்ளார். நாட்டப்பட்ட முளையில் வளையங்களை எறிந்து மாட்டுதல் வேண்டும். எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பது எறிபவரின் விருப்பம். சிலர் முளையின் அருகில் நின்றனர். சிலர் வெகுதூரத்தில் நின்றனர். செயலைச் செவ்வனே முடிக்கும் ஊக்கம் மிக்கவர்களோ பெரும்பாலும் இடைத்தூரத்தையே தெரிந்தெடுத்தனர். அங்கு வெற்றி எளிதுமன்று, வெறும் அதிட்டமுமன்று. தம் திறமையினாற் பெறத்தக்கது.

வழமைக்கு மாறாக எதனையுஞ் செய்யாதிருப்பவர் முளையின் அருகில் நிற்பவரை ஒப்பர். வீட்டு நகையை அடைவு வைத்து, காணி முழுவதிலும் முன்னர் அறியாத பயிரொன்றை நடுபவர் வெகுதூரத்தில் நிற்பவரை ஒப்பர். இவ்விருவருக்கும் இடைப்பட்ட நிலையே கமக்காரருக்கு உகந்தது.

2. சிறு நிலத்திற் பரீட்சித்தல்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கலப்பினச் சோள வித்து எவ்வாறு பரவியது என்பதை றயன், குறொஸ் என்னும் ஆய்வாளர் இருவர் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டனர். அவர்கள் விசாரித்த 259 கமக்காரருள் இருவரைத் தவிர ஏனையோர் யாவரும் 1928க்கும் 1941க்கும் இடையில் அவ்வித்தை ஏற்றுக்கொண்டனர். எனினும் முதன்முதல் ஏற்றவர்கள் தம் நிலம் முழுவதிலும் அதனை உடனே விதைத்தாரல்லர். சிறு துண்டு நிலத்தில் விதைத்து, விளைவைக் கண்டபின்னரே படிப்படியாகக் கூட்டினர்.

நாமும் அவ்வாறே செய்யலாம். 16 பரப்புக் கொண்ட ஓர் ஏக்கர் தோட்டமுடையவர், புதிய இனத்தையோ புதிய பயிரையோ முதலில் 1 அல்லது 2 பரப்பில் மாத்திரம் செய்து பார்த்தல் நன்று. பரீட்சை நிலத்தின் அளவைத் தீர்மானிப்பதற்கு ஒரு விதியுண்டு. அந்நிலத்தின் விளைவு முழுவதும் அழிந்தாலும், அடுத்த போகத்துக்கு வேண்டிய வித்துக்கும் வீட்டுச் செலவுக்கும் குறைவு நேரலாகாது.

3. பயனைக் கணக்கினால் அறிதல்

நல்ல முயற்சியாளர் தம் செயலின் பயனைத் திட்டமாக அறிய விரும்புவர். "இம்முறை பரவாயில்லை" என்பது அவர்களுக்குப் போதிய விடையாகாது. உழவு, வித்து, பசளை, மருந்து, நீரிறைப்பு, கூலி, கடன்வட்டி ஆகிய செலவுகள் யாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுதல் வேண்டும். குடும்பத்தவரின் உழைப்புக்கும் கூலி கணக்கிடல் வேண்டும். பலர் இதனை விட்டுவிடுவதனாலேயே நட்டத்தை இலாபமென மயங்குகின்றனர்.

உதாரணமாக, மிளகாய்ச் செய்கையொன்றின் மொத்தச் செலவு 60,000 ரூபா எனவும், விளைவு 600 கிலோ எனவுங் கொள்வோம். கிலோ ஒன்றின் அடக்கவிலை 100 ரூபாவாகும். நோயினால் விளைவு 400 கிலோவாகக் குறையின், அடக்கவிலை 150 ரூபாவாக உயரும். இவ்விரு எண்களையும் நடுகைக்கு முன்னரே அறிந்தவர், எவ்விலைக்கு விற்றால் தாம் நட்டமடைவார் என்பதை அறிவார். தரகரிடம் விலைபேசுங்கால் தடுமாறவும் மாட்டார்.

4. தாமே சிந்தித்தல்

சென்ற போகத்தில் தக்காளிக்கு நல்ல விலை கிடைத்ததெனக் கண்டு, ஊரார் யாவரும் இம்முறை தக்காளியே நடின், அறுவடை முழுவதும் ஒரே காலத்திற் சந்தையை அடையும். விலை வீழும், பறிகூலிக்கும் போதாதெனப் பழங்கள் செடியிலேயே அழுகும். வெற்றி பெறும் முயற்சியாளர் சென்ற போகத்தின் விலையை நோக்குவதுடன் நில்லாது, இப்போகத்தில் அயலூரவர் எவற்றை நடுகின்றனர் என்பதையும் விசாரிப்பர். நடுகையை இரண்டு வார இடைவெளியிற் பகுதி பகுதியாகச் செய்வதும், ஒன்றுக்கு மேற்பட்ட பயிர்களைச் செய்வதும் அவர்கள் கையாளும் வழிகளாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவம் இதற்கோர் உதாரணம். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்தமையால், மிளகாயும் வெங்காயமும் செய்தோர் நல்ல வருவாய் பெற்றனர். 1977இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்நிலை மாறியது. விலையை நிர்ணயிக்கும் ஆற்றல் தனிக் கமக்காரரிடம் இல்லை. ஒரே பயிரை நம்பிப் பெருங்கடன் படாதிருக்கும் ஆற்றலோ அவரிடமுண்டு.

5. தம் கையிலுள்ளதைத் திருத்துதல்

பயிர் பிழைத்தவிடத்து, விதியை நொந்து வாளாவிருத்தலாற் பயனில்லை; எல்லாப் பழியையுந் தம்மேற் சுமந்து மனமுடைதலுந் தகாது. மழையும் இறக்குமதியும் நம் கையில் இல்லாதன. வித்தின் தரம், விதைக்குங் காலம், வடிகால், களைகட்டல், பசளையிடும் நேரம் ஆகியன நம் கையிலுள்ளன. அடுத்த போகத்தில் இவற்றுள் எதனை மாற்றலாமென ஆராய்பவரே தோல்வியினாலும் பயன் பெறுவர்.

இப்பண்புகள் பிறவியில் அமைந்தன, தமக்கு வாய்க்கா என எவரும் கருதுதல் வேண்டா. 1964இல் ஆந்திராவின் காக்கிநாடா நகரிலுள்ள சிறு தொழில் முயற்சியாளருக்கு மக்கிளெலன்ட் குழுவினர் பயிற்சியளித்தனர். பயிற்சி பெற்றோர், பெறாதோரிலும் கூடிய ஊக்கத்துடன் பின்னர் தொழில் நடாத்தினர் என அக்குழுவினர் கண்டனர். ஆகவே இவை பழகத்தக்கனவே.

வருகின்ற போகத்திற் செய்யவேண்டியவை:

(அ) நடுகைக்கு முன் ஒரு கொப்பி வாங்கி, எதிர்பார்க்கும் செலவையும் அடக்கவிலையையும் எழுதுக.

(ஆ) புதிதாகச் செய்வது எதுவாயினும், இழந்தாலுந் தாங்கத்தக்க சிறு நிலத்திற் செய்க.

(இ) அயலூர்களின் நடுகையையும், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் போன்ற பெருஞ் சந்தைகளின் மொத்த விலையையும் விசாரித்தறிக.

(ஈ) அறுவடையின்பின் கணக்கை முடித்து, குடும்பத்தவருடன் இருந்து ஆராய்க. ஐயமுள்ளவிடத்து உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அக்கொப்பியைக் காட்டி ஆலோசனை பெறுக.

கமக்காரரே! மண்ணைப் பண்படுத்திய பின்னரே நாம் வித்திடுகின்றோம். அவ்வாறே, தீர்மானஞ் செய்யும் மனத்தையும் முதலிற் பண்படுத்துவோமாக.