காசியில் அசி முதல் ராஜ்காட் வரை



காசியில் கங்கை தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில்; எதிர்க்கரை வெறும் மணல்வெளி. அதனால் காலை வெயில் மறைப்பில்லாமல் படிகளின் மேல் விழும். அசி முதல் ராஜ்காட் வரை ஏறக்குறைய 6 கி.மீ. தூரத்துக்குள் 80க்கும் மேற்பட்ட துறைகள் இருக்கின்றன. நண்பர்களோடு போகிறவர்கள் விடியலில் அசியில் ஏறி, ஆற்றோட்டத்தோடு வடக்கே போவது நல்லது. துடுப்புப் படகே போதும். மோட்டார் படகில் பேச்சும் காதில் விழாது, துறைகளும் கண்ணில் நிற்காது. மழைக்காலத்தில் வெள்ளம் ஏறினால் படகு விடமாட்டார்கள். கார்த்திகை முதல் மாசி வரை தோதான காலம்.

முதலில் நின்று பார்க்க வேண்டியது சேத் சிங் துறை. ஆற்றை ஒட்டிக் கோட்டைச் சுவர் செங்குத்தாக எழும். 1781 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனி கேட்ட கூடுதல் பணத்தைத் தராத காசி அரசர் சேத் சிங்கை, கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் இங்கே காவலில் வைத்தார். அரசரின் ஆட்கள் காவலர்களை வெட்டிச் சாய்க்க, அவர் தலைப்பாகைத் துணிகளை முடிச்சிட்டுச் சன்னல் வழியே இறங்கிப் படகேறித் தப்பினார். சில நாளில் ஹேஸ்டிங்ஸே உயிருக்குப் பயந்து சுனார் கோட்டைக்கு ஓட வேண்டியதாயிற்று. பள்ளிப் பாடத்தில் இரண்டு வரியில் போய்விடும் இந்தக் கதையை, சுவரின் உயரத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் நம்பத் தோன்றும்.

அடுத்து அனுமன் துறை. தந்தை இறந்த 1898இல் பாரதியார் காசிக்கு வந்து தங்கிய அத்தை வீடு இதன் மேல் சந்தில் இருக்கிறது. அரிச்சந்திரன் துறை தாண்டினால் கேதார் துறை. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட கோயில் தூரத்திலேயே தெரியும். தமிழ்ப் புலவர் குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம் இதை ஒட்டியே உள்ளது. திருப்பனந்தாள் காசி மடம் அதன் வழிவந்ததுதான். இங்கே இறங்கி ஒரு மணி நேரமாவது செலவிடாத தமிழர் காசியைப் பாதிதான் பார்த்தவர்.

தசாசுவமேதத்தில் கூட்டம்தான் அதிகம். அதை அடுத்த மான் மந்திரின் மாடியில் ஜெய்ப்பூர் அரசர் ஜெய்சிங் வைத்த வானாய்வுக் கருவிகள் இருக்கின்றன. மணிகர்ணிகையில் இரவும் பகலும் சிதை எரிகிறது. அங்கே கேமராவைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். எரிவது யாரோ ஒருவரின் தாயோ தந்தையோ. அதைத் தாண்டியதும் சாய்ந்து நிற்கும் ரத்தினேசுவரர் கோயில். பிறகு பஞ்சகங்கைத் துறையின் மேட்டில் ஔரங்கசீப் காலத்து மசூதி.

ராஜ்காட்டில், 1887இல் திறந்து இப்போது மேலே சாலையும் கீழே ரயிலுமாக இருக்கும் பாலத்தருகே பயணம் முடியும். அங்கிருந்து ஆட்டோவில் திரும்பிவிடலாம். படகுக்காரர் மட்டும் நீரோட்டத்தை எதிர்த்துத் தனியே துடுப்புப் போட்டுத் திரும்ப வேண்டும். ஏறும் முன்பே கூலி பேசும்போது அந்த உழைப்பையும் சேர்த்துப் பேசுவதே நியாயம்.