சரக்கே பேசட்டும்

வியாபாரம் பற்றிய பாடத்தில் இம்முறை பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். பாட்டில் மாறுபட்ட கருத்துடையோர் பெட்டியை மட்டும் கவனித்தால் போதும்!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழை பட்டதென்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று நாயகம் அவர்கள் வினவினார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

1877இல் போனோகிராப்பைக் கண்டுபிடித்த எடிசன், 1915 முதல் தம் இசைத்தட்டுகளை விற்க ஒரு புதுவழி கண்டார். மேடையில் பாடகியும் பெட்டியும் அருகருகே இருக்க, விளக்கு அணையும். பாடுவது ஆளா, பெட்டியா? சபையோரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படிப் பாடிய அன்னா கேஸ், தம் குரலைப் பெட்டியின் ஓசைக்கு ஒத்துவரச் செய்ததாகப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஈரம் உள்ளேதான் இருந்தது!

தட்டு தரமானதே. ஆயினும் எந்தப் பாட்டைப் பதிவு செய்வதென்று, காது மந்தமான எடிசனே முடிவு செய்தார். மக்களோ கரூசோவின் பாட்டைத் தேடி விக்டர் கம்பெனியிடம் போனார்கள். 1929இல் எடிசன் கம்பெனி தட்டுத் தொழிலையே மூடிவிட்டது.

நம் பக்கத்தில், காரைக்குடியில் தந்தையார் கடையில் தட்டு விற்றுப் பழகியவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். வாங்குவோர் விருப்பத்தை நேரில் அறிந்த பின்னரே, 1932இல் சென்னையில் கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கித் தட்டுகளை வெளியிட்டார்.

வாங்கிய பின் மறைந்திருந்த குறை தெரிந்தால் சரக்கைத் திருப்பித் தரும் உரிமை ஷரீஅத்தில் உண்டு. பிக்ஹு நூல்களில் அதற்குக் ‘கியாருல் ஐப்’ என்று பெயர்.