விலை குறைந்த 'டைவர்ஸ்' கடிகாரம்: வாங்குமுன் பார்க்க வேண்டிய ஆறு



துவரம் பருப்பு மூட்டை வந்து இறங்கினால், சாக்கின் மேல் அச்சடித்த முத்திரையைப் பார்த்து நாம் பணம் கொடுப்பதில்லை. குத்தூசியை விட்டு நடு மூட்டைச் சரக்கைக் கையில் எடுத்து, ஈரம் பார்த்து, பிறகுதான் விலை பேசுகிறோம். அதே நாம் கடிகாரக் கடைக்குப் போனால் முகத்தின் பளபளப்பைப் பார்த்துப் பணத்தை எண்ணி வைத்துவிடுகிறோம்.

கடையில் உட்காரும் நம் பிள்ளைகள் பலர், பாட்டரி இல்லாமல் ஓடும் 'டைவர்ஸ்' கடிகாரத்தை இப்போது விரும்புகிறார்கள். தண்ணீர், உப்பு, எண்ணெய் எல்லாம் கையில் படும் நம் தொழிலுக்கு அது பொருத்தமான சரக்குதான். 1953-இல் ரோலெக்ஸ், பிளாங்பெய்ன் ஆகிய சுவிஸ் கம்பெனிகள் கடலில் மூழ்குவோருக்கென்று இவ்வகையை வெளியிட்டன. அவை பெரும் பணக்காரர் சரக்கு. 1965-இல் ஜப்பானின் சீக்கோவும், 1967-இல் சோவியத் நாட்டின் வாஸ்டாக் தொழிற்சாலையும் இத்துறைக்கு வந்தன. நடுத்தர மக்கள் வாங்கும் டைவர்ஸ் கடிகாரங்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே. வாங்குமுன் ஆறு செய்திகளைப் பார்க்க வேண்டும்.

1. டயலில் உள்ள சொல்

'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்பது ஒன்று. 'டைவர்ஸ்' என்பது வேறு. முதலாவதற்கு, ஒரு தொகுதியில் சிலவற்றை எடுத்துச் சோதித்தாலே போதும். இரண்டாவதற்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்னும் உலகத் தரவிதி உண்டு. குறைந்தது 100 மீட்டர் ஆழம் தாங்க வேண்டும். குறித்த அழுத்தத்தைப் போல் ஒன்றேகால் பங்கு அழுத்தத்தில், ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பத்து மூட்டைக்கு ஒன்றைக் குத்திப் பார்ப்பதற்கும், பத்தையும் குத்திப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. '30 மீட்டர்' என்று மட்டும் எழுதிய கடிகாரம் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான் ஆகும், நீச்சலுக்கு ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டு. சீக்கோவின் எஸ்.கே.எக்ஸ். 007 என்ற கடிகாரம் 1996-இல் வந்தது. 200 மீட்டர், 'டைவர்ஸ்' முத்திரை, மரையிட்டு இறுக்கும் சாவித் திருகு எல்லாம் உண்டு. 2019-இல் அதன் தயாரிப்பு நின்றது. அதே ஆண்டு அதே சாயலில் 'சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ்' வந்தது. இதில் மிஷின் மேலானது. ஆனால் 100 மீட்டர்தான், திருகை அமுக்கினால் போதும், டைவர்ஸ் முத்திரை கிடையாது. கரைக்கு மேல் அணிய நல்ல சரக்கு. பழையதற்கு ஈடு என்று சொல்லி விற்றால் ஏற்கக் கூடாது.

2. சுற்றுவளையம்

மூழ்குபவர் நீரில் இறங்கும்போது வளையத்தின் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேரே வைப்பார். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பிறகு அதிலே படிப்பார். இந்த வளையம் இடப்பக்கம் மட்டுமே சுழலும். தவறி எங்கேனும் இடித்து நகர்ந்தாலும், ஆன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும்; குறைத்துக் காட்டாது. ஆள் முன்னதாகவே மேலே வந்துவிடுவார், உயிர் தப்பும். கெடு தேதியை ஒரு நாள் முன்தள்ளி எழுதிக்கொள்ளும் வியாபாரியின் புத்தி இது. வளையம் ஆடக் கூடாது; புள்ளி 12-க்கு நேராக நிற்க வேண்டும். விலை குறைந்தவற்றில் இது கோணலாக இருப்பது உண்டு. கடையிலேயே பார்த்து வேறொன்றைக் கேளுங்கள்.

3. திருகும் ரப்பரும்

மரையிட்ட திருகை நாலு முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். சிக்காமல் மரையில் ஏற வேண்டும். உள்ளே தண்ணீரைத் தடுப்பது சிறு ரப்பர் வளையங்களே. நாளானால் அவை இறுகிப்போகும். கடிகாரத்தைத் திறக்கும்போதெல்லாம் அவற்றை மாற்றி, அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள்.

4. உள் மிஷின்

எஸ்.கே.எக்ஸ். கடிகாரத்தின் 7எஸ்26 மிஷினுக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. நேரம் வைக்கும்போது நொடி முள்ளும் நிற்காது. பின்வந்த 4ஆர்36 மிஷினில் இரண்டும் உண்டு. முழுச் சாவியில் சுமார் 41 மணி நேரம் ஓடும். சனிக்கிழமை இரவு கழற்றி வைத்தால் திங்கட்கிழமை காலை ஓடிக்கொண்டிருக்கும். கம்பெனி சொல்லும் கணக்குப்படி, நாளொன்றுக்கு 45 நொடி முந்தலாம், 35 நொடி பிந்தலாம். நாளுக்கு 20 நொடி முந்தினால் வாரத்துக்கு 2 நிமிடம் 20 நொடி. இதைக் குறை என்று திருப்பிக் கொடுக்க முடியாது. நொடி தவறாத நேரம் வேண்டுவோர் குவார்ட்ஸ் வாங்குவதே நல்லது.

5. இருட்டும் ஈரமும்

விளக்கொளியில் சற்று நேரம் காட்டிவிட்டு, கைக்குள் மூடிப் பாருங்கள். தரவிதிப்படி 25 சென்டிமீட்டர் தூரத்தில், அதாவது சாணுக்குச் சற்று மேல், இருட்டில் மணி தெரிய வேண்டும். கடிகாரத்தை இளஞ்சூடாக்கிக் கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தால், கண்ணாடியின் உட்புறம் பனி படியக் கூடாது. படிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்தச் சரக்கு வேண்டாம்.

6. பழைய சரக்கு

தயாரிப்பு நின்ற கடிகாரத்துக்குக் கிராக்கி ஏறும், கலப்படமும் ஏறும். ஒன்றின் டயல், மற்றொன்றின் மிஷின், வேறொன்றின் முதுகு என்று சேர்த்து விற்கிறார்கள். முதுகைத் திறந்து காட்டாதவரிடம் பழைய கடிகாரம் வாங்க வேண்டாம். வாங்கிய பின்னும், ரப்பர் மாற்றி அழுத்தச் சோதனை ஆகும்வரை தண்ணீரில் இறக்கக் கூடாது.

கடைசியாகக் கணக்கு. வாங்கும் விலையோடு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எண்ணெய் போட்டுச் சுத்தம் செய்யும் கூலியையும் கூட்டுங்கள். அந்த மிஷினைத் தெரிந்த கைக்காரர் நம் ஊரிலேயே இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். பத்திரமான பில், எழுத்தில் வாரண்டி இரண்டும் இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள். நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் எவ்வளவு கேள்வி கேட்டாலும் நாம் முகம் சுளிப்பதில்லை. நாம் வாங்கப் போகும் இடத்திலும் அதே உரிமையோடு கேட்போம்.