ஜான்சி ராணிப் படை: போர் தந்தது என்ன, உரிமை தந்தது எது?



நம் கிளைக் கூட்டங்களில், “நம்ம பெண்கள் அந்தக் காலத்திலேயே துப்பாக்கி ஏந்துனாங்க” என்று பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அதோடு ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும். துப்பாக்கியைக் கொடுத்த சமுதாயம் அவர்களுக்கு உரிமையையும் கொடுத்ததா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

1. போருக்கு முன்

ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கம் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பிரட்டுக்குப் போய், பிறகுதான் பால்மரம் வெட்ட வேண்டும். வெட்டு முடிந்து லயத்துக்கு வந்தால் மறுபடி அடுப்படி. ஆனால் சம்பளம்? 1920-களின் இறுதியில் மலாயாவின் பல பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று சட்டப்படியே நிர்ணயித்திருந்தார்கள். வீட்டு வேலைக்கு ஒரு காசும் கிடையாது.

“இது பெண் வேலை என்று யார் முடிவு செய்தது? அதனால் யாருக்கு லாபம்?” இந்த இரண்டையும் கேட்பதுதான் பெண்ணியம். ஆண்களைத் திட்டுவது அல்ல.

2. போர் வந்தபோது

1942 ஜனவரியில் ஜப்பானியர் மலாக்காவைப் பிடித்தார்கள். பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவே இல்லை. மரவள்ளிக் கிழங்கை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியது தோட்டத்தில் மிஞ்சிய பெண்கள். போர் என்றால் படை மட்டுமல்ல, இதுவும் போர்தான். ஆனால் இவர்களுக்குப் பதக்கம் இல்லை.

1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், பெண்களுக்குத் தனிப் படை வேண்டும் என்றார். 1858-இல் போரிட்டு மாண்ட ஜான்சி ராணி லட்சுமிபாயின் பெயரையே அதற்கு வைத்தார். அக்டோபர் 22-இல் பயிற்சி முகாம் திறந்தது. தலைவி டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலாயாவின் தமிழ்ப் பெண்கள். அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவருக்கு அப்போது 18 வயது. அப்பாவைச் சம்மதிக்க வைத்து, அவருடைய கையெழுத்தைப் பெற்ற பிறகே படையில் சேர முடிந்தது. உயிரைக் கொடுக்கத் தயாரான பெண்ணுக்கும் அப்பாவின் கையெழுத்து தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

பர்மாவில் இவர்கள் பெரும்பாலும் காயம்பட்ட வீரர்களைப் பராமரித்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, குண்டுவீச்சுக்குப் பயந்து இரவில் பல நாள் நடந்தார்கள்.

3. இரண்டு பார்வைகள்

பெண்ணியச் சிந்தனையாளர்கள் இதில் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். ஒரு சாரார், “பெண்ணால் முடியாது என்ற பேச்சை இந்தப் படை உடைத்தது” என்பார்கள். இன்னொரு சாரார், “போரைத் தொடங்குவது ஆண்கள், அதில் பெண்ணும் சாவது சமத்துவமா?” என்று கேட்பார்கள்.

நம் மகாபாரதத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. தன்னையே தோற்ற கணவனுக்குத் தன்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று திரௌபதி சபையில் கேட்கிறாள். பெரியவர்களால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. போர் முடிந்தபின் ஸ்திரீ பர்வத்தில், பிணங்களுக்கு நடுவே நின்று கண்ணனையே சபிக்கிறாள் காந்தாரி. உரிமைக்கும் குரல் உண்டு, போருக்கு எதிராகவும் குரல் உண்டு. இரண்டும் பெண் குரல்கள்.

4. போருக்குப் பின்

இங்கேதான் பாடத்தின் மையம். ஆள் தேவைப்பட்டபோது ‘பெண் வேலை’ என்ற கோடு அழிந்தது. தேவை தீர்ந்ததும் அதே கோட்டை மறுபடி போட்டுவிட்டார்கள்.

ராசம்மா பூபாலன் 16 வயதில் படையில் சேர்ந்தவர். பிறகு ஆசிரியரானார். அப்போது ஒரே பள்ளியில் ஒரே வேலை செய்த ஆண் ஆசிரியருக்கு அதிகச் சம்பளம், பெண்ணுக்குக் குறைவு. 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தை உருவாக்கிப் போராடினார். அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் அரசு சமச் சம்பளக் கொள்கையை ஏற்றது. ஜானகியோ 1946-இல் ம.இ.கா. உருவானபோது அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர், பிற்காலத்தில் செனட்டர்.

மற்றவையும் சட்டம் வழியாகவே வந்தன:
• 1976-இன் திருமண, மணவிலக்குச் சட்டம், 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதும் திருமணப் பதிவும் கட்டாயமாயின.
• 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம்.
• 1999-இல் பிள்ளைகள் மீது தாய்க்கும் தந்தைக்குச் சமமான பாதுகாவலர் உரிமை.
• 2001-இல் அரசியலமைப்பின் 8(2) பிரிவில் பாலினப் பாகுபாட்டுக்குத் தடை.

ஆக, போர் வாய்ப்பைத் தந்தது. உரிமையைத் தந்தது சங்கமும் மனுவும் சட்டமும், பல ஆண்டுப் பொறுமையும்தான். அவசரத்துக்குக் கொடுப்பதை எப்போது வேண்டுமானாலும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். எழுத்தில் இருக்கும் உரிமையை அப்படிச் சுலபமாக வாங்க முடியாது.

5. நம் கிளையில்

சட்டம் வீட்டு அடுப்படிக்குள் தானாக வராது. கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது யார், மேடையில் மைக் பிடிப்பது யார் என்று பாருங்கள். தலைவர் பொறுப்பு அண்ணனுக்கு, கோலமும் குத்துவிளக்கும் அக்காவுக்கு என்றால், நாமும் அதே கோட்டைத்தான் போடுகிறோம்.

கலந்துரையாடக் கேள்விகள்

1. உங்கள் குடும்பத்தில் ஜப்பான் காலத்தைக் கடந்த பெண் யார்? அவர் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்.
2. துப்பாக்கி ஏந்துவது, சமச் சம்பளம் கேட்பது: எது கடினம்? ஏன்?
3. திரௌபதியின் கேள்விக்கு நீங்கள் அந்தச் சபையில் இருந்திருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?
4. உங்கள் கிளையின் வேலைகளைப் பட்டியலிட்டு, யார் எதைச் செய்கிறார்கள் என்று குறியுங்கள். அடுத்த நிகழ்ச்சியில் எந்த இரண்டை மாற்றுவீர்கள்?