ஜோடி போதும் என்று யார் சொன்னது?

சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ் பக்கத்துத் தாமான் வீடுகளில் சாமி மேடைக்கு அடுத்த மரியாதை மீன் தொட்டிக்குத்தான். தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு மீன் புதிதும் அல்ல. பெடோங், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களைக் கேட்டால், லோங்காங்கில் கப்பி பிடித்து மைலோ டின்னில் விட்ட கதையும், வயல் வாய்க்காலில் சண்டை மீன் பிடித்து ஹார்லிக்ஸ் போத்தலில் அடைத்த கதையும் கட்டாயம் வரும். ஆண் சண்டை மீன் தனியாக இருந்தால் குறையொன்றும் இல்லை. இன்று நாம் ஆசையாய் வாங்குகிற நியோன், டைகர் பார்ப், ராஸ்போரா ஆகியவை வேறு சாதி. கூட்டத்தில் பிறந்து கூட்டத்திலேயே சாகிற மீன்கள். போத்தல் காலத்துப் பழக்கத்தோடு அவற்றை வாங்கும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

“எட்டு பொன், ஒன்று கறுப்பு. ஒன்பது மீன் இருந்தால் வீடு செழிக்கும்”

பெங் சுயிக்காரர்கள் சொன்னது, பிறகு வாஸ்துக்காரர்களும் சொன்னது. ஒன்பது தங்கமீனில் ஒன்று செத்தால், வீட்டுக்கு வரவிருந்த கண்ணேறு அதன்மேல் கழிந்துவிட்டது என்று ஆறுதல் வேறு. கழிந்தது அம்மோனியா. தங்கமீன் நிறையத் தின்று நிறையக் கழிக்கும். நன்றாக வளர்ந்தால் 20 சென்டிமீட்டரை எட்டும். பத்து வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. குளிர்ந்த நீரைப் பழகிய இனம் அது. கெடாவின் பிப்ரவரி, மார்ச் வெயிலில் மூன்றடித் தொட்டிக்குள் ஒன்பதை அடைத்தால் எந்த ராசியும் காப்பாற்றாது. ராசி பார்ப்பது அவரவர் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. கணக்குப் பார்க்க வேண்டியது மீனின் எண்ணிக்கையை அல்ல, தண்ணீரின் கொள்ளளவை.

“ஒவ்வொரு வகையிலும் ஒரு ஜோடி வாங்கினால் தொட்டி கலகலப்பாக இருக்கும்”

கடையில் கேட்பதே அப்படித்தான்: “தவுக்கே, அதில் ரெண்டு, இதில் ரெண்டு.” பிள்ளைகள் ஆளுக்கொரு நிறத்தைக் கைகாட்டுவார்கள், பிளாஸ்டிக் பைகள் நிறையும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நியோன் இரண்டும் வடிகட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். டைகர் பார்ப் இரண்டும் ஏஞ்சல் மீனின் நீண்ட துடுப்பைக் கடித்துக் குதறியிருக்கும். ‘நியோன் சீக்கு மீன், டைகர் பார்ப் ரௌடி மீன்’ என்று தீர்ப்பும் எழுதியாகிவிடும்.

சிறு மீன் கூட்டம் சேர்வது பாசத்தினால் அல்ல, உயிர்ப் பயத்தினால். தனக்கும் எதிரிக்கும் நடுவில் இன்னொரு உடம்பு இருக்கட்டும் என்று ஒவ்வொன்றும் பார்ப்பதால்தான் மந்தை உண்டாகிறது என்று வில்லியம் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் 1971இல் விளக்கினார். சுயநலம்தான், ஆனால் பலிக்கிற சுயநலம். பத்து மீன் ஒன்றாகத் திரும்பும்போது துரத்தி வருகிற மீனுக்கு எதைக் குறிவைப்பது என்றே தெரியாது. அந்தப் பத்தை இரண்டாகக் குறைத்துவிட்டால், தொட்டியில் எதிரியே இல்லாவிட்டாலும், அந்த இரண்டுக்கும் நாள் முழுக்கப் பயம். பயந்த மீன் சரியாகத் தின்னாது; நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும்.

டைகர் பார்ப் விஷயத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுமத்ரா, போர்னியோ நீரோடைகளின் மீன் அது. தனக்குள் யார் பெரியவன் என்று ஓயாமல் மோதிப் பார்க்கும் இயல்புடையது. எட்டு பத்து சேர்ந்திருந்தால் அந்த மோதலெல்லாம் உள்வீட்டுச் சண்டையாக முடிந்துவிடும்: ஆண்களின் மூக்கு சிவக்கும், தலையைச் சாய்த்துச் சுற்றிவரும், ஒன்று விலகும், அவ்வளவுதான். இரண்டே இரண்டு இருந்தால் அந்த வேகம் பக்கத்து மீனின் துடுப்பில் போய் இறங்குகிறது. ரௌடியாக்கியது நாம்தான். பெரிய கூட்டமாக இருந்தாலும் ஏஞ்சல், கப்பி போன்ற நீண்ட துடுப்புக்காரர்களை இதனோடு விடாமலிருப்பதே நல்லது.

ஆகக் குறைந்தது ஆறு, முடிந்தால் பத்து. ஐந்து வகையில் இரண்டிரண்டுக்குக் கொடுக்கிற காசை ஒரே வகையில் பத்துக்குக் கொடுங்கள்.

“கடையில் அணிவகுத்து நீந்தியது, வீட்டில் சிதறிப்போகிறது. சீக்கு வந்துவிட்டது”

சீக்கு வரவில்லை, பயம் போயிருக்கிறது. உடம்போடு உடம்பு நெருங்கி ஒரே திசையில் விரைவது பெரும்பாலும் மிரட்சியின் அடையாளம். புதுத் தொட்டி, புது விளக்கு, கண்ணாடியைத் தட்டும் குழந்தை, இதில் எதுவும் அவற்றை இறுக வைக்கும். இடம் பழகியதும் ஒன்றையொன்று கண்பார்வையில் வைத்துக்கொண்டு தளர்வாக மேயும். எப்போதும் அணியாகவே நீந்தும் மீன்தான் வேண்டுமென்றால் ரம்மி நோஸ் டெட்ரா இருக்கிறது. அதன் சிவந்த மூக்கு ஓர் உபகாரமும் செய்கிறது: தண்ணீர் கெட்டாலோ மீன் மிரண்டாலோ அந்தச் சிவப்பு வெளிறிவிடும். சோதனைக் குப்பியை எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

“முன்னால் போவதுதான் தலைவன்”

தலைவனெல்லாம் கிடையாது. கூட்டம் திரும்பினால் ஓரத்தில் இருந்தது முன்னால் வரும். அடுத்த திருப்பத்தில் பின்னால் போகும். ஒவ்வொரு மீனும் பக்கத்து மீன்களைப் பார்த்தே நகர்கிறது. பார்த்து மட்டுமல்ல, உணர்ந்தும். உடம்பின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு தண்ணீரின் சிறு அசைவையும் உணரும். 1976இல் பிட்சர், பார்ட்ரிட்ஜ், வார்டில் என்ற மூவர் கடல்மீன்களின் கண்களைத் தற்காலிகமாக மறைத்துக் கூட்டத்தில் விட்டார்கள். அவை இடம் தவறாமல் மற்றவற்றோடு நீந்தின.

“சின்ன மீன்தானே, நிறைய விடலாம்”

கடையில் சின்ன மீனாக இருப்பதெல்லாம் சின்ன மீன் அல்ல. சில்வர் ஷார்க் என்று விற்பதைப் பாருங்கள். சுறாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கெண்டைக் குடும்பம்; நம் தீபகற்பத்து ஆறுகளிலும் இருந்த மீன், இயற்கையில் அருகிவிட்டது. விரல் நீளத்தில் வாங்குவது 30 சென்டிமீட்டரைத் தாண்டும், அதுவும் கூட்டமாக வாழ விரும்பும். ஆறு சில்வர் ஷார்க்குக்குக் குளம் வெட்ட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வரும் மிஸ் கேரளாவும், அளவில் அதற்குப் பாதிதான் என்றாலும், நான்கடிக்குக் குறைந்த தொட்டிக்கு வாங்கக்கூடாத மீன்தான்.

“நியோன்தான் அழகு. நம் ஊர் மீனில் என்ன இருக்கிறது?”

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். நியோன் டெட்ரா மேல் அமேசான் மீன்; 1936இல் அறிவியல் பெயர் பெற்றது. இன்று கடைக்கு வருவதில் பெரும்பகுதி பண்ணைகளில் பெருக்கியது. அழகை மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் குளிர்ந்த நீரில்தான் அது நிம்மதியாக இருக்கும். தொட்டி நீர் முப்பது டிகிரியைத் தொடும் வீட்டில் தடுமாறும். அதே நீலமும் சிவப்பும்தான் வேண்டுமென்றால் கார்டினல் டெட்ரா வாங்கலாம். ரியோ நீக்ரோவின் வெதுவெதுப்பான நீரில் வாழ்வது என்பதால் நம் வெக்கையைத் தாங்கும்.

அதற்கும் முன்னால் ஹார்லெக்குவின் ராஸ்போராவைப் பாருங்கள். தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர், சுமத்ரா, தென் தாய்லாந்து மண்ணின் மீன். ஜெர்மானிய ஆய்வாளர் கியோர்க் டுங்கர் 1904இல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாது. செம்பு நிற உடலில் பின்பாதி முழுக்கக் கறுப்பு முக்கோணம். சண்டை கிடையாது, வெயிலுக்கு அஞ்சாது, இரண்டடித் தொட்டியில் பத்து தாராளமாக இருக்கும்.

சதுப்புக் காட்டில் உதிர்ந்த இலைகள் ஊறி ஊறித் தே ஓ நிறத்தில் கிடக்கும் நீர்தான் அதன் வீடு. அதைக் காசில்லாமல் வரவழைக்கலாம். பள்ளி வளாகத்திலோ கோயில் வாசலிலோ நிற்கிற கெத்தாப்பாங் மரத்தடியில் காய்ந்து விழுந்த இலை ஒன்றிரண்டைக் கழுவிப் போட்டால் போதும். மருந்தடித்த இடத்து இலை மட்டும் வேண்டாம். தண்ணீர் மெல்லப் பழுப்பேறும், செம்பு நிறம் இன்னும் தெளிவாகத் துலங்கும். தொட்டியில் அகன்ற இலைச்செடி இருந்து, வேளையும் கூடிவந்தால், முட்டையிடுவதையும் பார்க்கலாம். பெண் மீன் மல்லாந்து இலையின் அடிப்பக்கத்தில் வயிற்றை உரசிச் செல்லும். ஆண் வந்து உடம்பை வளைத்து அதைத் தழுவும். முட்டைகள் இலைக்கடியில் ஒட்டிக்கொள்ளும். ராஸ்போரா வகைகள் பலவும் முட்டையைச் சிதறவிடுபவை. இது இலை தேடி வைக்கிறது.

“வாராவாரம் தொட்டியைக் காலிசெய்து கழுவினால் மீன் சுத்தமாக இருக்கும்”

கூட்டமாகச் சாகும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் கற்களிலும்தான் குடியிருக்கின்றன. சவர்க்காரம் போட்டால் அவை போயின. குழாய் நீரில் உள்ள குளோரினும் அவற்றைக் கொல்லும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய நீரை ஊற்றினால் போதும். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டி நீரிலேயே பிழியுங்கள். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் பத்து மீனையும் கொண்டுவந்து கொட்டாதீர்கள். தொட்டி தயாரானபின் ஒரே வகையை மொத்தமாக விடுங்கள், அடுத்த வகை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

“வளர்க்க முடியாவிட்டால் ஆற்றில் விடுவது புண்ணியம்”

கண்ணாடிப் பாசியைத் தின்னும் என்று வாங்கிவந்த ‘பண்டாராயா மீன்’ இன்று மலேசிய ஆறுகளில் பெருகிக் கிடப்பது இந்தப் புண்ணியத்தால்தான். அயல்நாட்டு மீன் ஆற்றுக்குப் போனால் ஒன்று அது சாகும், இல்லையேல் அங்கிருப்பதைச் சாகடிக்கும். சுங்கை மூடா கெடாவின் குடிநீருக்கும் வயலுக்கும் ஓடுகிற ஆறு, வேண்டாத மீனைக் கொட்டும் இடமல்ல. வீடு மாறும்போதோ தொட்டி கைவிடப்படும்போதோ மீனை வாங்கிய கடைக்கே எடுத்துச் செல்லுங்கள்; பணம் தராவிட்டாலும் மீனை வாங்கிக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. கொடுக்கும்போது கூட்டத்தைப் பிரிக்காமல் மொத்தமாகக் கொடுங்கள்.